குன்றுதோறும் ஒரு சிலந்தி

தைப்பூசத்தன்று சிங்கப்பூரில் காவடிகள் சிராங்கூன் ரோடு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலில் இறங்குகின்றன. அதே நாளில் கோலாலம்பூருக்கு வடக்கே பத்துமலையில் பெருங்கூட்டம் 272 படி ஏறுகிறது. சிங்கப்பூரிலிருந்து பேருந்து பிடித்துப் போகும் குடும்பங்களும் அதில் உண்டு. கோயில் குகையை எட்டுவதற்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் இன்னொரு குகைக்கு வழி பிரிகிறது. இருட்டுக் குகை, மலாயில் குவா கெலாப். அதன் சுவர்களில் பட்டிழையால் குழல் பின்னி, வாசலுக்குக் கதவு போட்டு, அந்தக் கதவுக்குப் பின்னாலேயே ஆயுளைக் கழிக்கும் ஒரு சிலந்தி இருக்கிறது. லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்று 1923-ல் எச். சி. ஏப்ரகாம் அதற்குப் பெயரிட்டார். விவரிப்பு வெளிவந்தது ராயல் ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழில். பத்துமலையிலும் அதை ஒட்டிய சிலாங்கூர்ப் பகுதியிலும்தான் இது வாழ்கிறது. இப்படி ஒரு மூலையில் மட்டும் வாழும் உயிர் என்றதும் ‘வாழும் புதைபடிவம்’ என்ற பட்டத்தையும் ‘அழிவின் விளிம்பில்’ என்ற அனுதாபத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். இரண்டும் சேரும்போது, காலம் கைவிட்ட ஓர் உயிர் எங்கோ ஒண்டிக் கிடப்பதாக மனத்தில் படிகிறது. அது தவறு என்பதே என் வாதம். இந்தச் சிலந்தி வாழும் முறையே அதன் எல்லையைச் சிறியதாக்கியது. அதை ஒப்புக்கொண்டால், ஒரு நாடு எத்தனை சதவீதக் காட்டை மிச்சம் வைத்திருக்கிறது என்று போடும் பாதுகாப்புக் கணக்கு இவ்வுயிருக்குச் செல்லாது.

முதலில் உடம்பு. இன்று 50,000-க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்களுக்குப் பெயர் இருக்கிறது. அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வயிறு மடிப்பில்லாத ஒரே பை. நூல் சுரக்கும் உறுப்புகள் அதன் கடைக்கோடியில். லிபிஸ்டியஸ் சேர்ந்த குடும்பத்துக்கோ வயிற்றின் மேல் வரிசையாகத் தகடுகள் உண்டு, நூல் உறுப்புகள் வயிற்றின் அடியில் நடுப்பகுதியில் அமைந்திருக்கின்றன. பிரான்சின் மான்சோ-லெ-மின் நிலக்கரிப் பகுதியில் கிடைத்த, சுமார் 30 கோடி ஆண்டு பழைய பேலியோதிலி புதைபடிவத்திலும் இதே குடும்ப வழியின் சாயல் தெரிகிறது. ‘வாழும் புதைபடிவம்’ என்ற பட்டம் இங்கிருந்துதான் வந்தது. பட்டம் ஒட்டிக்கொண்டால் இல்லாத குறைகளும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிடும். இவற்றுக்கு நச்சுச் சுரப்பியே கிடையாது, அவ்வளவு ஆதிகாலத்து உயிர் என்று பாடநூல்கள் நெடுநாள் எழுதிவந்தன. சுரப்பி இருக்கிறது என்று 2010-ல் உடற்கூறு ஆய்வு காட்டியது. வேட்டையிலும் குறை எதுவும் இல்லை. வாசலிலிருந்து ஆறேழு இழைகள் சுவரின்மேல் விசிறியாக விரிந்திருக்கும். இரவில் சிலந்தி கதவின் அடியில் வந்து, முன்கால்களை அந்த இழைகளின் வேர்மேல் வைத்துக் காத்திருக்கும். கரப்பானோ குகைச் சுவர்க்கோழியோ ஓர் இழையைத் தட்டினால் எந்தத் திசை என்பது காலுக்குத் தெரிந்துவிடும். கதவு திறக்கும், பிடிக்கும், மூடும். கண் உதவாத இருட்டில், சாணமும் ஈரமும் நிறைந்த வௌவால் குகையில், குறைந்த செலவில் நடக்கும் நல்ல குடித்தனம் இது.

இந்தக் குடித்தனத்துக்கு ஒரு விலை உண்டு, அது நகர்வு. நம் வீட்டு மூலைச் சிலந்திகள் பலவற்றின் குஞ்சுகள் ஓர் இழையைக் காற்றில் விட்டு அதோடு மிதந்து போய்விடும். நடுக்கடலில் கப்பல் பாய்மரத்தில்கூட வந்து இறங்கியிருக்கின்றன. லிபிஸ்டியஸ் குடும்பத்தின் குஞ்சுகள் தாயின் வளையிலிருந்து நடந்து வெளியேறி, கொஞ்ச தூரத்தில் தங்கள் முதல் வளையைத் தோண்டிக்கொள்கின்றன. ஆண் பருவம் வந்ததும் துணை தேடி வெளியே அலையும். பெண் தோண்டிய இடத்திலேயே வளையைப் பெரிதாக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருந்துவிடும். ஆகவே ஒரு தலைமுறைக்கு இவ்வினம் கடக்கும் தூரத்தை மீட்டரில்தான் சொல்ல முடியும். இரண்டு சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே ஒரு சமவெளி இருந்தால், இரு பக்கமும் உள்ளவை உறவு அறுந்து தனித்தனியே மாறத் தொடங்குகின்றன. நெடுங்காலம் கழித்து இனப்பெருக்க உறுப்பின் வடிவமும் மரபணுவும் வேறாகி, குன்றுக்கு ஓர் இனம் என்ற நிலை வந்துவிடுகிறது. முருகனைக் குன்றுதோறாடும் குமரன் என்கிறோம். பத்துமலையில் அவனுக்கு அண்டைவீட்டாராக இருக்கும் சிலந்தியோ ஆடப் போகாமல் ஆளுக்கொரு குன்றில் தங்கிவிட்ட கூட்டம்.

இது ஊகமாக நின்றுவிடவில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டைசின் லி உள்ளிட்ட குழு இக்குடும்பம் பரவியிருக்கும் ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்தும் மாதிரிகளைத் திரட்டி, மரபணு கொண்டு வம்சாவளி வரைந்து 2015-ல் வெளியிட்டது. வம்சம் பழையது, முப்பது கோடி ஆண்டுக்கு முன் ஐரோப்பா-அமெரிக்க நிலப்பரப்பில் கிளைவிட்டது. ஆனால் இன்று உயிரோடிருக்கும் குடும்பம் ஆசியாவில் உருவானது 3.9 முதல் 5.8 கோடி ஆண்டுகளுக்கு முன்தான். இப்போதுள்ள பேரினங்களுக்குள் இனங்கள் பிரிந்தது அதைவிடவும் பின்னால், 40 லட்சத்திலிருந்து 2.4 கோடி ஆண்டுகளுக்குள். புதைபடிவம் என்று சொல்லப்பட்ட வம்சம் புவியியல் கணக்கில் அண்மையில்தான் புதுப்புது இனங்களைப் பெற்றிருக்கிறது. இன்னொரு முடிவு என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. இவற்றின் இன்றைய பரவலை விளக்க ஒரு தடவைகூடக் கடல் தாண்டியதாகக் கருதத் தேவையில்லை, எல்லாம் தரைவழி என்று அந்த ஆய்வு சொன்னது. சுமத்திராவில் லிபிஸ்டியஸ் உண்டு. பேரினத்தின் முதல் இனம் 1849-ல் விவரிக்கப்பட்டது பினாங்குத் தீவிலிருந்து. இவை தீவுகள்தானே என்று கேட்கலாம். பனியுகங்களில் கடல் மட்டம் 120 மீட்டர்வரை தாழ்ந்தபோது மலாய்த் தீபகற்பம், சிங்கப்பூர், சுமத்திரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே தரை. அப்படித் தரை திறந்து கிடந்தும் போர்னியோவில் லிபிஸ்டியஸ் பதிவானதே இல்லை. பாதை கிடைத்ததும் கிளம்பிவிடும் வழக்கம் இவற்றுக்கு இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனையை எந்த ஆய்வகத்திலும் நடத்த முடியாது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும், அதுவும் பலமானது. கதவுச் சிலந்திகள் கடலே தாண்டியிருக்கின்றனவே! தென் ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் மட்டும் வாழும் மொக்ரிட்ஜியா ரெயின்போவி என்ற கதவுச் சிலந்திக்கு நெருங்கிய உறவினர்கள் இருப்பது ஆப்பிரிக்காவில். இரு கண்டங்களும் பிரிந்ததால் வந்த பிரிவாக இருந்தால் உறவு முறிந்து சுமார் பத்துக் கோடி ஆண்டு ஆகியிருக்க வேண்டும். 2017-ல் வெளியான மரபணுக் கணக்கு 20 லட்சத்திலிருந்து 1.6 கோடி ஆண்டுக்குள் என்றது. அப்படியானால் ஒரே விளக்கம்தான் மிஞ்சுகிறது: ஆப்பிரிக்கக் கரையில் பெயர்ந்த மண்ணோடும் தாவரத் திட்டோடும் மிதந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்திருக்கின்றன. அது போக, கோனோதிலி, உம்மிடியா போன்ற சில கதவுச் சிலந்திகளின் குஞ்சுகள் இழைவிட்டுப் பறக்கவும் செய்கின்றன. இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இவை சொல்வது என்ன? பறக்கும் வழக்கமுள்ள கோனோதிலி பசிபிக் தீவுகள்வரை பரவியிருக்கிறது. பறக்காதவை குன்றுக்குள் அடங்கியிருக்கின்றன. எல்லையின் அளவைத் தீர்மானிப்பது நகரும் முறையே என்பதற்கு இரண்டாவது சான்றாகவே இது வந்து சேர்கிறது. கங்காரு தீவுச் சிலந்தியோ அவ்வளவு பெரிய கடலைக் கடந்து வந்து, கரையேறிய தீவோடு நின்றுவிட்டது. பல லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் விபத்தை நம்பி இன்னொரு குன்றில் புதுக்குடி அமையும் என்று யாரும் திட்டம் போட முடியாது.

இன்னொரு எதிர்வாதம் கள ஆய்வாளர்களிடமிருந்தே வரும். ஓரிடத்தில் மட்டும் உண்டு என்பது, ஓரிடத்தில் மட்டும் தேடினோம் என்பதாக இருக்கலாம் அல்லவா? இதற்கு இந்தியாவிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. நீல நிறத்தில் மின்னும் பெருஞ்சிலந்தி ஒன்றை 1899-ல் போக்காக் விவரித்தபோது, ஆந்திரத்தின் குத்தியில் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்தது என்பதால் குத்திதான் அதன் ஊர் என்று எண்ணப்பட்டது. நூறாண்டு கழித்து 2001-ல் அது மீண்டும் கிடைத்த இடம் நூறு கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில். விறகோடு ரயிலேறி வந்திருக்க வேண்டும். பத்துமலைச் சிலந்தியும் இருட்டுக் குகைக்கு வெளியே சிலாங்கூரின் வேறு சுண்ணாம்புக் குகைகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே ‘ஒரே குகை’ என்று எழுதும் கட்டுரைகள் மிகைப்படுத்துகின்றன. ஆனால் தேடல் கூடக் கூட இந்தப் பேரினத்தில் என்ன நடந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இனங்களின் எல்லைகள் விரிந்து ஒன்றோடொன்று கலக்கவில்லை. புதுக் குன்றில், புதுப் பள்ளத்தாக்கில் தேடிய இடத்திலெல்லாம் புது இனம் கிடைத்து, பேரினத்தின் கணக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. 1997-ல் பிளாட்னிக் விவரித்த லிபிஸ்டியஸ் கந்தான் அப்படி வந்ததுதான். ஈப்போவுக்கு வடக்கே குனோங் கந்தான் குன்றின் குகையில் மட்டும் அது தெரியும். தேடாத குறை உண்மை என்றால், நாம் பெயர் வைக்காத குன்றுவாசிகள் இன்னும் இருக்கிறார்கள் என்ற பக்கமாகத்தான் அது சாய்கிறது.

இனி நகரத்துப் பக்கம் வருவோம். சிங்கப்பூரில் சொல்லிக்கொள்ளும்படியான சுண்ணாம்புக் குன்று கிடையாது. ஆனால் நகரம் சுண்ணாம்பில்லாமல் எழவில்லை. லிட்டில் இந்தியாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அங்கே கூலிக்கு வந்த தமிழர் அப்பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள், ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றே பெயர் வழங்கியது. அதற்குப் பின் உலகம் சிமெண்டுக்கு மாறியது, சிமெண்டுக்கு மூலப்பொருள் சுண்ணாம்புக்கல், தென்கிழக்காசியாவில் அது குன்றுகளாக நிற்கிறது. பத்துமலையிலும் கல்லுடைப்பு நடந்தது. 1980 வாக்கில் நின்றது. குனோங் கந்தானில் ஒரு சிமெண்ட் நிறுவனத்தின் சுரங்கம் குன்றின் பெரும்பகுதியை எடுத்துவிட்டது. கந்தான் சிலந்தியைச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மிக அபாய நிலையில் வைத்திருக்கிறது. அதே குன்றில் மட்டும் கிடைத்த ஒரு நத்தைக்கு 2014-ல் ஆய்வாளர்கள் அந்த நிறுவனத்தின் பெயரையே வைத்தார்கள். அழிந்தால் யார் பெயர் சேர்ந்து அழியும் என்று காட்டும் யுக்தி, உயிரியலில் இவ்வளவு நாசூக்கான மனு வேறு எதையும் நான் அறியேன். இந்தச் சுரங்கக் கணக்கில்தான் நகராத உயிர் ஏமாறுகிறது. பேராக்கிலும் சிலாங்கூரிலும் எத்தனையோ குன்றுகள் இருக்கின்றன, ஒன்று போனால் ஒன்றிரண்டு சதவீதம்தானே என்று சொன்னால் புலிக்கும் யானைக்கும் அது ஓரளவு பொருந்தும். குன்றுக்கு ஓர் இனம் உள்ள இடத்தில் ஒரு குன்று ஓர் இனம். பத்துமலை தப்பித்தது எப்படி என்பதிலும் பாடம் இருக்கிறது. 1891-ல் தம்புசாமிப் பிள்ளை அங்கே கோயில் எழுப்பினார், 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. 2012-ல் மலையடிவாரத்தில் 29 மாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்றபோது முதலில் சாலைக்கு வந்தவர்கள் பக்தர்களும் குடியிருப்பாளர்களும். அவர்கள் கொடி பிடித்தது சிலந்திக்காக அல்ல. ஆனால் அந்தக் குன்றை எண்ணிக்கையில் ஒன்றாகப் பார்க்க மறுத்தவர்கள் பக்தர்களே. கந்தானுக்கு அந்தக் கொடுப்பினை அமையவில்லை.

சிங்கப்பூர் இந்தப் பிரச்சினையிலிருந்து தப்பியதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. 2003-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, 1819-க்குப் பிந்தைய 183 ஆண்டுகளில் தீவின் இயற்கை வாழிடத்தில் 95 சதவீதம் போய்விட்டது. மிஞ்சிய உயிரினங்களில் பாதிக்கு மேல் வாழ்வது தீவின் பரப்பில் 0.25 சதவீதமே வரும் வன ஒதுக்ககங்களில். புக்கிட் தீமா குன்று 163 மீட்டர் உயரம், அவ்வளவுதான். அங்கேயும் மற்ற ஓரிரு இடங்களிலும் உள்ள ஓடைகளில் மட்டுமே வாழும் ஜோஹோரா சிங்கப்பூரென்சிஸ் நண்டை 1986-ல் பீட்டர் இங் விவரித்தார். 2012-ல் உலகில் மிக ஆபத்திலுள்ள நூறு இனங்களின் பட்டியலில் அது இடம்பெற்றது. சிங்கப்பூரின் பாதுகாப்புப் பணிகள் பாராட்டத்தக்கவை என்றே நினைக்கிறேன், ஆனால் அவற்றில் பெரும் பெயர் எடுத்தவை நகரும் உயிர்களுக்கானவை. 1986-ல் புக்கிட் தீமா விரைவுச்சாலை காட்டை இரண்டாக வெட்டியது. 2013-ல் அதன்மேல் 62 மீட்டர் நீளத்துக்கு எக்கோ லிங்க் பாலம் போட்டார்கள், எறும்புதின்னியும் புனுகுப்பூனையும் கடக்கட்டும் என்று. சிங்கப்பூரிலும் பதிவாகியுள்ள டமார்க்கஸ் வொர்க்மனி போன்ற வளைச் சிலந்திக்கு அந்தப் பாலம் பயன்பட வேண்டுமானால், பாலத்தின் மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாகக் குடியேறிக்கொண்டே போக வேண்டும். மாறாக, 2019 இறுதியில் குறுக்குத் தீவு ரயில்பாதையை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டின் அடியில் 70 மீட்டர் ஆழத்தில் கொண்டுபோக முடிவானபோது எழுந்த கவலைகளில், மேல்மண்ணில் ஒரு சாணுக்குள் வாழும் உயிருக்கு ஆழச் சுரங்கத்தைவிட ஆய்வுக்காகப் போடும் மேற்பரப்புத் துளையே பெரிது. எது ஆபத்து, எது உதவி என்பது உயிர் நகருகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து இவ்வளவு மாறுகிறது.

அப்படியானால் எடுத்து வேறிடத்தில் விடலாமே என்பது சிங்கப்பூரர்களுக்குச் சட்டென்று தோன்றும் யோசனை. இடமாற்றம் நமக்குப் பழகிய நிர்வாகக் கருவி. மரத்தை மாற்றுகிறோம், கல்லறையை மாற்றுகிறோம், சந்தையை மாற்றுகிறோம். நண்டையும் அடைப்பில் இனப்பெருக்கம் செய்து ஓடையில் விட முயன்றிருக்கிறார்கள். சிலந்திக்கு இது ஏன் கடினம் என்றால் காலம். மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் 1974-ல் ஒரு கதவுச் சிலந்திக் கூட்டத்தைக் கண்காணிக்கத் தொடங்கினார். பதினாறாம் எண் என்று குறிக்கப்பட்ட பெண் சிலந்தி அதே வளையில் 43 வயதுவரை வாழ்ந்து 2016-ல் இறந்தது; அதுவும் மூப்பால் இல்லை, ஒட்டுண்ணிக் குளவி கதவைத் துளைத்ததால் என்று தெரிகிறது. அது வேறு குடும்பம், லிபிஸ்டியஸுக்கு அதே ஆயுளை நான் ஏற்றிச் சொல்லவில்லை. ஆனால் முறை ஒன்றே: மெதுவாக வளர்ந்து, தாமதமாகக் குஞ்சு பொரித்து, நெடுநாள் இருப்பது. வளர்ந்த பெண்ணைப் பெயர்த்தெடுத்தால் பல ஆண்டு வேலையான வளையை அது முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதுக் குன்றில் வேறு இனம் குடியிருந்தால் அங்கே ஒரு குழப்பத்தை நாமே உண்டாக்குகிறோம். குடியில்லாவிட்டால், ஏன் இல்லை என்று கேட்க வேண்டும். ஈரமோ இரையோ மண்ணோ ஒத்துவராத இடமாக அது இருக்கலாம். இதில் இன்னொரு முள்ளும் உண்டு. இத்தகைய சிலந்திகளுக்கு உலகெங்கும் வளர்ப்புச் சந்தை இருக்கிறது. சிங்கப்பூரில் பெருஞ்சிலந்தி வளர்ப்பது சட்டவிரோதம் என்றாலும் கடத்தல் வழக்குகள் வரத்தான் செய்கின்றன. எந்தக் குன்றில் எத்தனை விட்டோம் என்று அறிக்கை எழுதினால், திருடனுக்கு வழிகாட்டும் வரைபடமும் அதுவே.

இவ்வளவும் கேட்டுவிட்டு, ஒரு குகையில் ஒரு சிலந்தி இல்லாமற் போனால் யாருக்கு என்ன நட்டம் என்று ஒருவர் கேட்டால், மருந்து கிடைக்கும், பூச்சி கட்டுப்படும் என்றெல்லாம் நான் ஆசைகாட்ட மாட்டேன். பத்துமலைச் சிலந்தி போனால் கொசு கூடாது. நட்டம் அறிவுக்குத்தான். சிலந்தி இனங்களில் மற்றெல்லாவற்றுக்கும் எதிர்க்கிளையாக நிற்பது இந்த ஒரு குடும்பம். வயிற்றுத் தகடு ஏன் மறைந்தது, நூல் உறுப்பு எப்படிப் பின்னால் நகர்ந்தது, நஞ்சு எப்போது தொடங்கியது என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒப்பிட வேறு உயிருள்ள சாட்சி கிடையாது. அதிலும் ஒவ்வொரு குன்றும் ஒரே கேள்விக்குத் தனித்தனியே எழுதிய விடை. நூறு விடைத்தாளில் ஒன்றைக் கிழித்தால் மீதி தொண்ணூற்றொன்பதில் அந்த விடை இருக்காது.

நடைமுறையில் இதிலிருந்து வரும் கோரிக்கை பெரிதல்ல. குன்றையோ காட்டு மேட்டையோ தோண்டுவதற்கு முன் செய்யப்படும் சுற்றுச்சூழல் மதிப்பீடுகளில் பறவையும் பாலூட்டியும் முன்னால் நிற்கின்றன. தானியங்கிக் கேமராவில் விழுவது நடமாடும் உயிர்தான். கதவுச் சிலந்தி எந்தக் கேமராவுக்கும் நடந்து வராது. பகலில் அதன் கதவு பாசியும் மண்ணும் ஒட்டி, சுற்றியுள்ள சுவரோடு வேறுபாடு தெரியாமல் கிடக்கும். இரவில் கைவிளக்கோடு மண்சரிவையும் குகைச் சுவரையும் அங்குலம் அங்குலமாகப் பார்க்க ஆள் வேண்டும், அதுவும் இழை விசிறியை அடையாளம் தெரிந்த ஆள். கிடைத்தால் அடுத்த குன்றிலும் பார்த்து, இரண்டும் ஒரே இனமா என்று மரபணுவால் உறுதிசெய்த பிறகே உரிமத்தில் கையெழுத்து விழ வேண்டும். ஒரே இனம் என்று தெரிந்தால் சுரங்கத்துக்கு என்னிடம் ஆட்சேபம் குறைவு. வேறு இனம் என்றால், அந்தக் குன்றுக்கு மாற்றுக் குன்று கிடையாது.